பேரிடர் நிதியில் நமது பங்கு: பெருந்தொற்றுக்கால அரசுச் செலவைப் படிப்பது எப்படி?

2020 மார்ச் 24 நள்ளிரவில் நாடு முடக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 1.70 லட்சம் கோடி ரூபாய் மதிப்பிலான நிவாரணத் தொகுப்பை அறிவித்தார். மே 12 அன்று பிரதமர் அறிவித்த ‘தற்சார்பு இந்தியா’ தொகுப்பின் மதிப்பு 20 லட்சம் கோடி ரூபாய். இவ்வளவு பணத்தில் சேரிக்கும் காலனிக்கும் வந்தது எவ்வளவு? இந்தக் கேள்விக்கு எந்த அரசு ஆவணத்திலும் நேரடியான விடை இல்லை. அந்த விடை ஏன் இல்லை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அடுத்த பேரிடரின்போது எந்தச் சட்டப் பிரிவைக் கையில் எடுப்பது, எந்தக் கணக்கைக் கேட்பது என்பதைக் களப்பணியாளர்களும் மாணவர்களும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

முதலில் ஒரு தெளிவு. அறிவிப்பு வேறு, ஒதுக்கீடு வேறு, செலவு வேறு. 20 லட்சம் கோடி என்ற எண்ணில் இந்திய ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குத் திறந்துவிட்ட பணப்புழக்க வசதிகள் மட்டும் 8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் இருந்தன. சிறு, குறு தொழில்களுக்கான 3 லட்சம் கோடி ரூபாய் என்பது கடன். அதற்கு அரசு கொடுத்தது உத்தரவாதம் மட்டுமே. கடன் வாராக்கடனாக மாறினால்தான் கருவூலத்திலிருந்து பணம் வெளியேறும்.

மார்ச் மாதத் தொகுப்பிலும் பழைய பணம் கலந்திருந்தது. பிரதமரின் கிசான் நிதியில் விவசாயிக்கு 2,000 ரூபாய் என்றார்கள். ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய 6,000 ரூபாயின் முதல் தவணை அது. நூறு நாள் வேலையில் சராசரிக் கூலி 182 ரூபாயிலிருந்து 202 ரூபாயாக உயர்கிறது என்றார்கள். ஒவ்வொரு ஏப்ரலிலும் விலைவாசிக்கு ஏற்ப நடக்கும் வழக்கமான திருத்தம் அது. கட்டுமானத் தொழிலாளர் நல நிதியிலிருந்து 31,000 கோடி ரூபாயைப் பயன்படுத்துமாறு மாநிலங்களிடம் சொன்னார்கள்; அத்தொழிலாளர்களின் பெயரால் மேல்வரியாக வசூலித்து, ஆண்டுக்கணக்கில் செலவழிக்காமல் வைத்திருந்த பணம் அது. உண்மையிலேயே புதிதாக வந்தவை என்று சொல்லத்தக்கவை கூடுதல் உணவு தானியமும், 20.40 கோடிப் பெண்களின் ஜன்தன் கணக்குகளில் மாதம் 500 ரூபாய் வீதம் மூன்று மாதம் போடப்பட்ட பணமும், முதியோர், கைம்பெண்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான 1,000 ரூபாயும், இலவச எரிவாயு உருளைகளும் போன்ற சிலவே.

பணம் எந்த வழியாக வெளியேறுகிறது?

அரசமைப்புச் சட்டத்தின்படி தொகுநிதியிலிருந்து ஒரு ரூபாய் எடுப்பதற்கும் சட்டமன்ற ஒப்புதல் வேண்டும். நிதியாண்டின் நடுவில் எதிர்பாராத செலவு வந்தால், உறுப்பு 115இன்படி துணை மானியக் கோரிக்கை கொண்டுவர வேண்டும். அதற்கும் நேரமில்லையென்றால் உறுப்பு 267இன்கீழ் உள்ள அவசரச் செலவு நிதியிலிருந்து எடுத்துவிட்டுப் பின்னர் ஒப்புதல் பெறலாம். ஒன்றிய அரசின் அவசரச் செலவு நிதி அப்போது வெறும் 500 கோடி ரூபாயாக இருந்தது; 2021இல் அது 30,000 கோடியாக உயர்த்தப்பட்டது. பெருந்தொற்று ஆண்டின் முதல் துணை மானியக் கோரிக்கை 2020 செப்டம்பரில்தான் நாடாளுமன்றத்துக்கு வந்தது. மொத்தம் 2.35 லட்சம் கோடி ரூபாய். அதில் நிகரப் பணச் செலவு ஏறத்தாழ 1.67 லட்சம் கோடி. ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை எது முதன்மை, எது இரண்டாம்பட்சம் என்ற விவாதம் எந்த அவையிலும் நடக்கவில்லை. தனித் தொகுதிகளிலிருந்து தேர்வான உறுப்பினர்களும் அந்த ஐந்து மாதங்களும் பார்வையாளர்களாகவே இருந்தனர்.

இரண்டாவது வழி பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005. 2020 மார்ச் 14 அன்று கொரோனாவை ‘அறிவிக்கப்பட்ட பேரிடர்’ போலக் கருதி, மாநிலப் பேரிடர் நிவாரண நிதியைப் பயன்படுத்த உள்துறை அமைச்சகம் அனுமதித்தது. அந்த ஆணையின் முதல் வடிவத்தில் இறந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் கருணைத் தொகை இருந்தது. அதே நாளில் வெளியான திருத்திய ஆணையில் அது இல்லை. ஏப்ரல் தொடக்கத்தில் எல்லா மாநிலங்களுக்குமாக 11,092 கோடி ரூபாய் விடுவிக்கப்பட்டது. இந்த நிதியில் எத்தனை விழுக்காட்டைக் கொரோனாவுக்குச் செலவிடலாம் என்பதற்கும் உச்சவரம்பு இருந்தது. செப்டம்பரில் அது 35 விழுக்காட்டிலிருந்து 50 ஆக்கப்பட்டது. அப்போது கூடவே பயன்படுத்தப்பட்ட 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டத்தில் செலவைப் பற்றி ஒரேயொரு சொற்றொடர்தான் உண்டு: செலவை எப்படி, யார் ஏற்பது என்று அரசே தீர்மானிக்கலாம்.

மூன்றாவது வழி 2020 மார்ச் 27இல் தொடங்கப்பட்ட பி.எம். கேர்ஸ் அறக்கட்டளை. பெருநிறுவனங்கள் இதற்குக் கொடுக்கும் பணம் சமூகப் பொறுப்புச் செலவாகக் கணக்கில் கொள்ளப்பட்டது. முதலமைச்சர் நிவாரண நிதிகளுக்குக் கொடுத்தால் அந்தச் சலுகை இல்லை. இப்பணத்தைத் தேசியப் பேரிடர் நிவாரண நிதிக்கு மாற்ற வேண்டும் என்ற வழக்கை உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டு 18 அன்று தள்ளுபடி செய்தது. இது இந்திய அரசின் நிதி அல்ல என்று பிரதமர் அலுவலகம் தில்லி உயர் நீதிமன்றத்தில் தெரிவித்தது. எனவே தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் தணிக்கையும் இல்லை, தகவல் அறியும் உரிமையும் இல்லை. பட்டியல் சாதியினருக்கான பங்கு என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

கொள்முதலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 50ஆம் பிரிவு, உடனடித் தேவையிருந்தால் ஒப்பந்தப்புள்ளி கோரும் நடைமுறை கைவிடப்பட்டதாகவே கருதப்படும் என்கிறது. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998இன் 16ஆம் பிரிவிலும் இதே விலக்கு உண்டு. இந்த விலக்கு தேவையே. மூச்சுக்காற்றுக்காக 30 நாள் ஒப்பந்தப்புள்ளி கோர முடியாது. ஆனால் அதன் விலையையும் நாம் பார்த்தோம். 245 ரூபாய்க்கு இறக்குமதியான விரைவுப் பரிசோதனைக் கருவி அரசுக்கு 600 ரூபாய்க்கு விற்கப்பட இருந்தது. இரண்டு வணிக நிறுவனங்கள் தங்களுக்குள் சண்டையிட்டுத் தில்லி உயர் நீதிமன்றம் சென்றதால்தான் இது வெளியே தெரிந்தது. நீதிமன்றம் 400 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்றது. எந்தத் தணிக்கையும் இதைக் கண்டுபிடிக்கவில்லை.

சாதியின் பெயர் இல்லாத விலக்கல்

அதே சட்டத்தின் 61ஆம் பிரிவைத் தோழர்கள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். பேரிடரில் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடும் நிவாரணமும் வழங்கும்போது பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று அது ஆணையிடுகிறது. வெள்ளம் வந்தபோது ஊர்த்தெருவோடு நின்றுவிட்ட நிவாரண லாரிகளைக் கண்டவர்களுக்கு இப்பிரிவின் தேவை புரியும்.

ஆனால் 2020இல் விலக்கல் லாரியின் வடிவில் வரவில்லை. பணம் ஏற்கெனவே வெட்டப்பட்ட வாய்க்கால்களில் ஓடியது. அந்த வாய்க்கால்கள் எந்தத் தெருவில் வெட்டப்பட்டிருந்தன என்பதே கேள்வி.

கிசான் நிதி நிலவுடைமையாளருக்கானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு, 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி அவர்கள் சாகுபடி செய்யும் நிலப்பரப்பு 9 விழுக்காட்டுக்கும் குறைவு. வேளாண்மையில் உழைக்கும் தலித்துகளில் பெரும்பான்மையோர் கூலிகள். அவர்களிடம் பட்டா இல்லை. ஆகவே 2,000 ரூபாயும் இல்லை. குத்தகைக்கு உழுபவருக்கும் இல்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டு நகரத்தில் வாழ்பவருக்கு உண்டு.

தொழில் கடனைப் பாருங்கள். அவசரகாலக் கடன் உத்தரவாதத் திட்டத்தில், 2020 பிப்ரவரி 29 அன்று ஏற்கெனவே வங்கிக் கடன் நிலுவை வைத்திருந்தவர்களுக்கு, அந்த நிலுவையில் 20 விழுக்காடு வரை கூடுதல் கடன் கிடைத்தது. வங்கி ஒருபோதும் கடன் கொடுத்திராத தோல் பட்டறைக்காரருக்கோ, கந்துவட்டிக்கு வாங்கித் தொழில் நடத்தும் சிறு வணிகருக்கோ நிலுவை என்பது பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தில் 20 விழுக்காடும் பூஜ்ஜியமே.

தூய்மைப் பணியாளர்களின் நிலை இன்னும் கசப்பானது. மருத்துவப் பணியாளர்களுக்கான 50 லட்சம் ரூபாய்க் காப்பீட்டை அறிவித்தபோது நிதியமைச்சர் தூய்மைப் பணியாளர்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். நாளிதழ்கள் அதைத் தலைப்பாக்கின. ஆனால் திட்டத்தின் நிபந்தனை, கொரோனா நோயாளிகளோடு நேரடித் தொடர்பிலும் பராமரிப்பிலும் ஈடுபடுத்தப்பட்டவர் என்று நிறுவனம் சான்றளிக்க வேண்டும் என்பது. மருத்துவமனைக்குள் நிரந்தரப் பணியில் இருப்பவருக்கு அந்தச் சான்று கிடைக்கும். தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளின் குப்பையைக் கையுறைகூட இல்லாமல் அள்ளிய ஒப்பந்தத் தொழிலாளிக்கு யார் சான்று தருவார்? நகராட்சி ஒப்பந்ததாரரைக் காட்டும். ஒப்பந்ததாரரின் பதிவேட்டில் பெயரே இருக்காது. இப்படி இரண்டு மேசைகளுக்கு நடுவில் மாதக்கணக்கில் அலைந்த குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த மேசைகளில் யாரும் சாதியைக் கேட்கவில்லை, கேட்க வேண்டிய தேவையும் இல்லை. அந்த வேலையில் யார் இருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

உணவு தானியம் இவற்றுக்கு மாறாக ஓரளவு நன்றாகவே சென்றடைந்தது. ஆளுக்கு மாதம் 5 கிலோ கூடுதல் தானியம், 80 கோடிப் பேருக்கு. இடையில் 2020 டிசம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை நின்று, பின்னர் 2022 டிசம்பர் வரை நீண்டது. எனினும் பயனாளிகளின் எண்ணிக்கை 2011 மக்கள்தொகையை வைத்து வரையறுக்கப்பட்டதால் அதற்குப் பின் பிறந்தவர்களுக்கும் இடம்பெயர்ந்தவர்களுக்கும் பட்டியலில் இடம் கிடைப்பது கடினமாயிற்று. அட்டையில்லாத புலம்பெயர் தொழிலாளர் 8 கோடிப் பேருக்கு என மே மாதம் தனியாக 3,500 கோடி ரூபாய் அறிவிக்க வேண்டி வந்ததே இதற்குச் சான்று.

தமிழ்நாட்டு அனுபவம் இங்கே ஒப்பிடத்தக்கது. 2021இல் அரிசி அட்டைதாரர் 2.07 கோடிக் குடும்பங்களுக்கு இரண்டு தவணைகளில் 4,000 ரூபாய் நியாயவிலைக் கடையிலேயே ரொக்கமாக வழங்கப்பட்டது. ஒரு தவணையின் செலவு 4,153 கோடி ரூபாய். பட்டா கேட்கவில்லை, வங்கிக் கணக்கு கேட்கவில்லை. கடை இருக்கும் தெரு எது என்ற பழைய சிக்கல் இருந்தாலும், பெரும்பாலான தலித் குடும்பங்களுக்குப் பணம் வந்தது. அட்டையே இல்லாத இருளர் குடும்பங்களுக்கு வரவில்லை. ஆவணம் குறையக் குறைய விலக்கல் குறைகிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் அறியேன்.

எங்கே வெட்டினார்கள்?

அவசரச் செலவைப் பேசும்போது அவசர வெட்டைப் பேச மறக்கிறோம். 2020 ஏப்ரலில் பல அமைச்சகங்களின் முதல் காலாண்டுச் செலவு, ஆண்டு ஒதுக்கீட்டில் 15 அல்லது 20 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தப்பட்டது. ஜூனில், அறிவிக்கப்பட்ட நிவாரணத் தொகுப்புகள் நீங்கலாக, புதிய திட்டங்கள் அடுத்த மார்ச் வரை நிறுத்தப்பட்டன.

அதிகம் பேசப்படாத வெட்டு ஒன்று உண்டு. ஏப்ரல் 6 அன்று நாடாளுமன்ற உறுப்பினர்களின் தொகுதி மேம்பாட்டு நிதி இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்தப்பட்டு, 7,900 கோடி ரூபாய் தொகுநிதியில் சேர்க்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. எம்.பி.க்களின் பணம்தானே என்று பலரும் வரவேற்றனர். ஆனால் அந்நிதியின் வழிகாட்டு நெறிகள் 15 விழுக்காட்டைப் பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கும், 7.5 விழுக்காட்டைப் பழங்குடியினர் பகுதிகளுக்கும் செலவிடக் கட்டாயப்படுத்தின. 7,900 கோடியில் 15 விழுக்காடு 1,185 கோடி ரூபாய். காலனிச் சாலைக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் உரிய அந்தப் பணம், எந்தப் பங்கும் குறிக்கப்படாத பொதுத் தொகையில் கலந்தது. 2021 நவம்பரில் உறுப்பினருக்கு 2 கோடி ரூபாய் வீதம் திரும்பக் கொடுக்கப்பட்டதால் இழப்பு சற்றுக் குறைந்தது. பங்கு குறிக்கப்பட்ட நிதி பங்கு குறிக்கப்படாத நிதியாக மாறுவதே இதில் நாம் கவனிக்க வேண்டியது.

789 என்ற எண்

பட்டியல் சாதியினருக்கான சிறப்புக் கூறுத் திட்டம் 1979-80இல் தொடங்கியது. மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்பத் திட்ட நிதியில் பங்கு என்பதே அதன் அடிப்படை. அரசுக் கணக்கில் இந்தப் பணத்துக்கு 789 என்ற சிறு தலைப்பு எண் உண்டு, பழங்குடியினருக்கு 796. ஒரு திட்டத்தின் பணம் 789இன்கீழ் எழுதப்பட்டால்தான் அது நம் பங்காகக் கணக்கிடப்படும். 2017-18 முதல் திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவு என்ற பிரிவினை நீக்கப்பட்டதால் எதன்மீது விகிதம் கணக்கிடுவது என்பதே மங்கிப்போயிற்று. பேரிடர் நிவாரண நிதியும், கடன் உத்தரவாதங்களும், பி.எம். கேர்ஸும் இந்தக் கட்டமைப்புக்கு வெளியே நின்றன. பேரிடர் எவ்வளவு பெரிதோ, நம் பங்குக்கு வெளியே நிற்கும் பணமும் அவ்வளவு பெரிதாகிறது.

இந்நிலையில் 2021 மார்ச்சில் ஊரக வளர்ச்சி அமைச்சகம் செய்ததை முரண் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பெருந்தொற்றில் ஊருக்குத் திரும்பியவர்களைத் தாங்கிப் பிடித்தது நூறு நாள் வேலைதான். 2020-21இல் 61,500 கோடியாக இருந்த அதன் ஒதுக்கீடு மே மாதம் 40,000 கோடி கூட்டப்பட்டு, திருத்திய மதிப்பீட்டில் 1,11,500 கோடியை எட்டியது. அத்திட்டத்தின் மொத்த மனித உழைப்பு நாள்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று பட்டியல் சாதியினருடையது. அடுத்த ஆண்டு ஒதுக்கீடு 73,000 கோடியாகக் குறைக்கப்பட்டது. அதோடு, கூலியைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மற்றவர்கள் என மூன்று தனிக் கணக்குகளாகப் பிரித்துச் செலுத்துமாறு மாநிலங்களுக்கு அறிவுறுத்தல் வந்தது. நிதி யாருக்குப் போகிறது என்பதை எடுத்துக்காட்டவே இந்த ஏற்பாடு என்றார்கள்.

விளைவு என்ன? ஒரே ஏரியில் ஒரே வாரம் மண் வெட்டியவர்களுக்கு வெவ்வேறு நாள்களில் கூலி வந்தது. ஒரு பிரிவின் கணக்கில் பணம் தீர்ந்தால் அப்பிரிவினர் காத்திருக்க வேண்டியிருந்தது. வேலைத்தளத்தில் சாதிப் பேச்சு எழுந்தது. வருகைப் பதிவேடு முடிந்த 15 நாளுக்குள் கூலி தர வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 0.05 விழுக்காடு இழப்பீடு என்ற சட்ட விதி இருக்க, இரண்டாவது அலையின் உச்சத்தில் இது நடந்தது. எதிர்ப்புகளுக்குப் பின் அவ்வாண்டின் இறுதிக்குள் பழைய ஒற்றை முறைக்குத் திரும்பினார்கள். சாதிவாரியாகக் கணக்கு எழுதுவது அலுவலகத்தில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. வருகைப் பதிவேட்டில் ஏற்கெனவே உள்ள விவரத்தைக் கொண்டே பின்னர் தொகுத்திருக்கலாம். கணக்கை எளிதாக்கக் கூலியைப் பிரித்தார்கள். சாதிவாரிக் கணக்கு உண்மையிலேயே தேவைப்பட்ட கடன் உத்தரவாதத்திலும் காப்பீட்டிலும் யாரும் அப்படி ஓர் அறிவுறுத்தலை அனுப்பவில்லை.

நீதிமன்றம் வழியாகக் கிடைத்தவை

இரண்டு ஆணைகளை நினைவில் வைக்கலாம். 2021 மே 31 அன்று, தடுப்பூசிக்கு ஒதுக்கிய 35,000 கோடி ரூபாய் எப்படிச் செலவானது என்று உச்ச நீதிமன்றம் ஒன்றிய அரசிடம் கேட்டது. இணையப் பதிவைக் கட்டாயமாக்கினால் இணைய வசதியற்றோர் விடுபடுவார்கள் என்பதையும் சுட்டியது. ஒரு வாரத்தில் தடுப்பூசிக் கொள்கை மாறியது.

மற்றது கருணைத் தொகை வழக்கு. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்கீழ் குறைந்தபட்ச நிவாரண நெறிகளில் கருணைத் தொகையையும் வகுப்பது கட்டாயக் கடமை என்று 2021 ஜூன் 30 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொகையை நிர்ணயிக்கும் பொறுப்பு அரசிடமே விடப்பட்டது. அரசு 50,000 ரூபாய் என்றது, அதையும் மாநிலப் பேரிடர் நிதியின் தலையில் வைத்தது. நம் மக்களுக்கு இத்தீர்ப்பில் மிகவும் பயன்பட்ட பகுதி அக்டோபர் 4 ஆணைதான்: இறப்புச் சான்றிதழில் காரணம் கொரோனா என்று எழுதப்படவில்லை என்பதற்காக மட்டும் எந்த மாநிலமும் தொகையை மறுக்கக் கூடாது. மறுத்தால் மாவட்டக் குறைதீர் குழுவை அணுகலாம். வீட்டிலேயே மூச்சுத் திணறி இறந்தவர்கள், படுக்கை கிடைக்காமல் வாசலில் இறந்தவர்கள் ஆகியோரின் குடும்பங்கள் இந்த ஆணையைப் பிடித்துக்கொண்டுதான் மனு கொடுத்தன. 2022 மார்ச்சில் காலக்கெடு விதிக்கப்பட்டது: அம்மாதம் 20ஆம் தேதிக்கு முந்தைய இறப்புகளுக்கு 60 நாள், பிந்தையவற்றுக்கு 90 நாள். செய்தி காலனிக்கு வந்துசேர்வதற்குள் அந்த 60 நாள் முடிந்துபோன குடும்பங்களை எனக்குத் தெரியும்.

கேட்க வேண்டியவை

கர்நாடகம் 2013இலும், தமிழ்நாடு 2024இலும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நிதிக்குத் தனிச் சட்டம் இயற்றின. பொதுத் திட்டச் செலவின் ஒரு பகுதியை நம் பங்காகக் ‘கருதிக்கொள்ள’ இடமளித்த 7(ஈ) பிரிவைக் கர்நாடகம் பத்து ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 2023இல் நீக்கியது. தமிழ்நாட்டில் அடுத்த பேரிடரின்போது நிவாரணச் செலவை 789இன்கீழ் எழுதிவிட்டு, விடுதிக் கட்டடத்துக்கும் உதவித்தொகைக்கும் உரிய பணத்தை எடுத்துவிடும் ஆபத்தும் உண்டு. ஆகவே இரண்டையும் சேர்த்தே கண்காணிக்க வேண்டும்: பங்குக்கு வெளியே எவ்வளவு செலவானது, பங்குக்குள்ளிருந்து எவ்வளவு எடுக்கப்பட்டது.

மாவட்ட அளவில் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு போடும்போது ‘கொரோனா செலவு விவரம்’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும். 50ஆம் பிரிவின்கீழ் ஒப்பந்தப்புள்ளியின்றி வாங்கியவற்றின் பட்டியல், விலை, ஆணை எண் ஆகியவற்றைத் தனியாகக் கேளுங்கள். பேரிடர் நிதியில் இனவாரிச் செலவைக் கேளுங்கள். கருணைத் தொகைக்கு வந்த மனுக்கள், நிராகரித்தவை, ஒவ்வொன்றுக்கும் எழுதப்பட்ட காரணம். தூய்மைப் பணி ஒப்பந்ததாரர் செலுத்திய வருங்கால வைப்புநிதிப் பட்டியல். அந்த ஆண்டுகளில் 789 தலைப்பில் ஒதுக்கியது, செலவிட்டது, திருப்பி ஒப்படைத்தது. மானியத் திட்டங்களின் செயலாக்க முறையும் பயனாளிகள் விவரமும் சட்டத்தின் 4(1)(ஆ) பிரிவின்படி யாரும் கேட்காமலேயே வெளியிடப்பட்டிருக்க வேண்டியவை என்பதை மனுவிலேயே குறிப்பிடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.